பதவியும் பொன்னும் தேடி வந்தபோது... குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் காட்டிய வழி!

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் சற்று நேரம் பேசிப் பாருங்கள். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, சோமங்கலம் என எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தை நினைவுகூர்வார்கள். அந்த வயல்களில் பல இன்று மனைகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. ஏக்கர் கணக்கில் இருந்த நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்பட்டது. தாத்தா உழுத மண், பேரனின் ஒரு கையெழுத்தில் பெரும் பணமாகக் கைக்கு வந்தது.

அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடன்களை அடைத்து, குலதெய்வத்துக்குத் திருப்பணியும் செய்து, நிம்மதியாக வாழும் குடும்பங்கள் உண்டு. அதே பணத்தால் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல், கோர்ட் படி ஏறி இறங்கும் குடும்பங்களும் உண்டு. காரும் மாடி வீடும் வந்த பிறகு, பொழுது விடிந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

பணம் என்னவோ ஒன்றுதான். பலன் மட்டும் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை அன்பர்களே! சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பு, இதே வட்டாரத்தில் பிறந்த ஒரு மகான், தம் வாழ்க்கையாலும் தாம் இயற்றிய நூலாலும் இதற்கு விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் சென்றால் வருகிற குன்றத்தூர்தான் அவர் அவதரித்த திருத்தலம். அவர்தான் தெய்வச் சேக்கிழார் பெருமான்!

புலியூர்க் கோட்டத்துப் பிள்ளை

அந்நாளில் தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்று புலியூர்க் கோட்டம். அதில் அடங்கிய ஊர் குன்றத்தூர். ஏரும் ஏரியுமாகச் செழித்திருந்த அந்த ஊரில், சேக்கிழார் குடி என்று பெயர் பெற்ற வேளாளர் மரபில் தோன்றியவர் நம் பெருமான். பெற்றோர் வைத்த பெயர் அருண்மொழித் தேவர். ஆனால், குடிப்பெயரான சேக்கிழார் என்பதே அவருக்கு உரிய பெயராக உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. அவருக்குப் பாலறாவாயர் என்று ஒரு தம்பி. இந்தத் தம்பியை மறந்துவிடாதீர்கள். கதையின் பிற்பகுதியில் இவருக்கு முக்கியமான இடம் உண்டு.

சேக்கிழாரின் வாழ்க்கை வரலாற்றை, உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணம் விரிவாகச் சொல்கிறது. குன்றத்தூர்ச் சேக்கிழார் குடியைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இடம் பெற்றுள்ளன. ஆக, புகழும் பொறுப்பும் மிக்க குடும்பம்தான் அது. ஆனாலும் அது ஒரு கிராமத்துக் குடும்பம். கதிர் அறுப்பதும், கோயிலுக்குப் போவதும், அடியார்களுக்கு அமுது படைப்பதுமாகவே அவர்களின் நாட்கள் கழிந்தன.

மூன்று கேள்விகள்... முப்பாலில் பதில்!

அந்த எளிய வாழ்க்கையை ஒரே நாளில் மாற்றிய சம்பவம் ஒன்றை, இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

அப்போது சோழ நாட்டை ஆண்டவன் அநபாயச் சோழன். 1133 முதல் 1150 வரை ஆட்சி செய்த இரண்டாம் குலோத்துங்க சோழனே இவன் என்பது வரலாற்று அறிஞர்கள் பலரின் முடிவு. அந்த மன்னனுக்கு ஒருநாள் மூன்று சந்தேகங்கள் எழுந்தன. உலகத்தைக் காட்டிலும் பெரியது எது? கடலைக் காட்டிலும் பெரியது எது? மலையைக் காட்டிலும் பெரியது எது? விடை கேட்டுத் தொண்டை நாட்டுக்கு ஓலை அனுப்பினான். பெரியவர்கள் எல்லாம் திகைத்து நிற்க, இளைஞரான அருண்மொழித் தேவர் திருக்குறளிலிருந்து மூன்று குறட்பாக்களையே விடையாக எழுதி அனுப்பினார்.

தேவைப்படும் நேரத்தில் செய்த உதவி, அளவில் சிறியதானாலும் உலகத்தைவிடப் பெரியது. பிரதிபலனை எண்ணிப் பார்க்காமல் செய்த உதவி கடலைவிடப் பெரியது. தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கி வாழ்பவனின் உயர்வு மலையைவிடப் பெரியது. அந்த மூன்று குறள்களின் பொருளும் இதுதான்.

இந்த மூன்றாவது விடையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசனுக்கு எழுதிய அந்தப் பதிலின்படிதான், பின்னாளில் தாமே வாழ்ந்து காட்டினார் சேக்கிழார்.

விடையைக் கண்டு வியந்த மன்னன், அவரை அழைத்துவரச் செய்து, சோழப் பேரரசின் முதலமைச்சர் ஆக்கினான். உத்தம சோழப் பல்லவர் என்ற பட்டமும் சூட்டினான். நேற்று வரை குன்றத்தூர் வயல்வரப்பில் நடந்தவருக்கு, இன்று பல்லக்கு! ஏவல் செய்ய ஆட்கள், காவலுக்கு வீரர்கள், கண் அசைவுக்குக் காத்திருக்கும் அதிகாரிகள். பரந்து விரிந்திருந்த பேரரசின் வரவு செலவு எல்லாம் அவர் பார்வையின் கீழ் வந்தன. ஒரு மனிதனின் தலை கனத்துப் போக இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சொந்த ஊருக்கு வந்த திருநாகேஸ்வரம்

ஆனால், சேக்கிழார் பெருமான் என்ன செய்தார் தெரியுமா?

சோழ நாட்டில், கும்பகோணத்துக்கு அருகில் இருக்கிறது திருநாகேஸ்வரம். அமைச்சராக இருந்த காலத்தில் அந்தத் தலத்து ஈசனிடம் அவருக்கு அளவுகடந்த ஈடுபாடு ஏற்பட்டது. அந்த இறைவனைத் தரிசித்த போதெல்லாம் அவருக்குச் சொந்த ஊர் நினைவு வந்தது போலும். தமக்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு, குன்றத்தூரில் ஒரு சிவாலயம் எழுப்பினார். அதற்குத் திருநாகேஸ்வரம் என்றே பெயரும் சூட்டினார். இன்றைக்கும் குன்றத்தூரில் காமாட்சி அம்மனுடன் அருள்மிகு நாகேஸ்வரர் எழுந்தருளியிருக்கும் அந்தக் கோயிலை நாம் தரிசிக்கலாம். சென்னையைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்களில் ராகு பரிகாரத் தலமாகவும், வட திருநாகேஸ்வரம் என்ற பெயரோடும் பக்தர்கள் இதைப் போற்றுகிறார்கள். ராகு தோஷம் நீங்க வருபவர்களில் எத்தனை பேருக்கு, இது ஓர் அமைச்சர் தம் ஊருக்குச் செய்த கைங்கரியம் என்பது தெரியும்?

தலைநகரில் தமக்கு ஒரு மாளிகை எழுப்பிக்கொள்ளவும் அவரால் முடிந்திருக்கும். பெருஞ்செல்வம் கைக்கு வந்ததும் ஊரை மறப்பவர்கள் அதிகம். சேக்கிழாரோ, தாம் வெளியூரில் கண்ட பெரும்பேறு, பயணம் போக வழியில்லாத தம் ஊர் மக்களுக்கும் கிட்ட வேண்டும் என்று நினைத்தார். அமைச்சரான பிறகு அவர் புதிதாகச் சிவபக்தர் ஆகிவிடவில்லை. குன்றத்தூரில் இருந்தபோது என்ன மனம் இருந்ததோ, அதே மனம்தான். செய்ய விரும்பியதைச் செய்யச் செல்வம் கைகொடுத்தது, அவ்வளவே!

எல்லாம் இருந்தும் ஏதோ குறை!

இப்போது அந்த அரசனைப் பார்ப்போம். அவனிடம் இல்லாத செல்வம் இல்லை. ஆனால், பொழுது நிறைவாகக் கழிய வேண்டுமே! அந்நாட்களில் சீவக சிந்தாமணியை விரும்பிக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தான் அநபாயன். திருத்தக்க தேவர் இயற்றிய அந்த நூல் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. அதன் கவிநயத்துக்கு ஈடு இல்லை. அதன் நாயகனான சீவகனும்கூட அரச போகங்களை எல்லாம் அனுபவித்த பின், முடிவில் துறவு பூண்டவன்தான். மன்னனோ, அதில் வருகிற காதலையும் களிப்பையுமே நாடினான் என்கிறது சேக்கிழார் புராணம்.

அமைச்சருக்கு இது கவலை தந்தது. மன்னன் மனம் போகிற வழியில்தானே குடிகளின் மனமும் போகும்? இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் துணையாக நிற்பது சிவனடியார்களின் வரலாறே என்று அரசனிடம் பணிவோடு எடுத்துரைத்தார். அரசனைத் திருத்துகிற பேச்சு, அமைச்சர் பதவிக்கே ஆபத்தாக முடியலாம். பதவியே பெரிது என்று எண்ணுபவர் இப்படிப் பேசத் துணிய மாட்டார்.

நல்லவேளையாக அநபாயன் கோபம் கொள்ளவில்லை. அந்த அடியார்கள் யார் என்று ஆவலோடு கேட்டான். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகையையும், அதை விரித்து நம்பியாண்டார் நம்பிகள் இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதியையும் துணையாகக் கொண்டு, நாயன்மார்களின் சரிதங்களை எடுத்துச் சொன்னார் சேக்கிழார். கேட்கக் கேட்க மன்னனின் உள்ளம் உருகியது. இந்த வரலாறுகளைப் பெருங்காப்பியமாகப் பாடித் தரவேண்டும் என்று அமைச்சரையே கேட்டுக்கொண்டான். வேண்டிய பொருளையும் ஆட்களையும் கொடுத்து, அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பி வைத்தான்.

தில்லையில் கிடைத்த முதல் சொல்

இரண்டாவது முறையாக ஒரு பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. முதலில் பதவி. இப்போது, ஒரு நூலுக்காக அரசனின் கருவூலமே திறந்துவிடப்பட்டது. ஆனால், தில்லையை அடைந்த சேக்கிழாருக்கு எப்படித் தொடங்குவது என்று புரியவில்லை. பொன்னும் பொருளும் கூடவே வந்தன. முதல் சொல் மட்டும் வரவில்லை!

நேராக நடராஜப் பெருமான் சந்நிதிக்குச் சென்று, கண்ணீர் மல்க விழுந்து வணங்கினார். அப்போது, உலகம் முழுவதையும் குறிக்கும் ஒரு சொல்லை அசரீரியாக எடுத்துக்கொடுத்து அருளினான் ஆடல்வல்லான். அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடத் தொடங்கினார் சேக்கிழார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட திருத்தொண்டர் புராணம் இப்படித்தான் பிறந்தது. அந்த நூல் முடிவதும் அதே சொல்லில்தான் என்பது மெய்சிலிர்க்க வைக்கும் அதிசயம்.

நூல் நிறைவுற்ற செய்தி அறிந்த அநபாயன், பரிவாரங்களோடு தில்லைக்கு விரைந்து வந்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றம். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய விரிவுரை, அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவு பெற்றது என்பர். ஓராண்டு! அதுவரை அடியார்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அமுது படைக்கப்பட்டது.

நிறைவு நாளில், திருமுறைச் சுவடியை யானை மீது ஏற்றி, அதனுடன் சேக்கிழாரையும் அமரச் செய்தான் மன்னன். தானும் அதே யானையில் பின்னால் அமர்ந்து, தன் கைகளாலேயே அவருக்குக் கவரி வீசினான். அமைச்சருக்கு அரசன் கவரி வீசிய அந்த ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள்! தொண்டர்சீர் பரவுவார் என்ற திருநாமமும் அன்று அவருக்குச் சூட்டப்பட்டது. அவர் பாடிய பெரியபுராணம் 12-ம் திருமுறையாக வைத்துப் போற்றப்பட்டது.

யானையிலிருந்து இறங்கிய பிறகு...

ஒரு மனிதனுக்கு இதைவிட உயர்வு கிடைக்காது. யானையிலிருந்து இறங்கி மறுபடி அமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருந்தால், முன்னைவிடப் பத்து மடங்கு மரியாதையும் செல்வமும் சேர்ந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

சேக்கிழார் திரும்பிப் போகவில்லை. தில்லையிலேயே தங்கிவிட்டார். அடியார்களோடு அடியாராக, கூத்தப்பிரானைத் தரிசித்தபடி தவவாழ்வு வாழ்ந்து, அங்கேயே இறைவன் திருவடியை அடைந்தார். மன்னன் மனம் வருந்தாமல் இருக்குமா? அவரது தம்பி பாலறாவாயரை அழைத்துப் பெருமைப்படுத்தி, தொண்டை நாட்டை நிர்வகிக்கும் பொறுப்பைக் கொடுத்தான். அந்தத் தம்பியும் அண்ணனுக்கு ஏற்ற தம்பிதான். பஞ்சம் வந்து மக்கள் வாடியபோது அவர்களைக் காப்பாற்றி, தொண்டைமண்டலம் நின்று காத்த பெருமாள் என்று பெயர் பெற்றார் எனப் போற்றுகிறார்கள்.

சொத்து என்றாலே சகோதரர்கள் பிரிகிற காலம் இது. குன்றத்தூர்ச் சகோதரர்களில் ஒருவர் செல்வாக்கை விட்டு விலகி நின்றார். மற்றவர் அதை ஏற்று ஊரைக் காத்தார். இருவருமே உயர்ந்தார்கள்.

கருவூலம் கண்டவர் பாடிய கதைகள்

இனிதான் முக்கியமான விஷயம். திடீரென்று வருகிற செல்வம் மனிதனை என்ன செய்யும் என்பதைத் தம் அனுபவத்தில் கண்டவர் சேக்கிழார். அந்தக் கண்ணோடு பெரியபுராணத்தைப் படித்தால், வேறொரு வெளிச்சம் கிடைக்கிறது.

நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவர் அதிபத்த நாயனார். தினமும் வலையில் சிக்கும் மீன்களில் சிறந்த ஒன்றை, ஈசனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒருகாலத்தில் பல நாட்கள் தொடர்ந்து ஒரே ஒரு மீன் மட்டுமே கிடைத்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. அப்போது ஒருநாள், பொன்னும் மணியும் இழைத்தாற்போல் ஜொலிக்கும் ஒரு மீன் வலையில் வந்தது. அதை விற்றால் குலமே வாழும். அன்றைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்பதால், அதையும் கடலில் விட்டார் அதிபத்தர். ரிஷப வாகனராக ஈசன் காட்சி தந்தார். நாகை காயாரோகணர் கோயிலில் ஆவணி மாதம் நடைபெறும் விழா, இன்றும் இந்தச் சம்பவத்தைத்தான் நினைவூட்டுகிறது.

அடுத்து, திருக்கடவூர் குங்கிலியக்கலய நாயனார். ஆலயத்தில் குங்கிலியத் தூபம் இடுவதே அவர் தொண்டு. வறுமை வந்து நிலபுலன்கள் எல்லாம் போயின. பசியால் வாடும் பிள்ளைகளுக்காக, தன் தாலியையே கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னார் மனைவி. வழியில் ஒரு வணிகனிடம் குங்கிலியப் பொதியைப் பார்த்தார் நாயனார். தாலி கைமாறியது. நெல்லுக்குப் பதில் குங்கிலியத்துடன் கோயிலுக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். அன்றிரவு ஈசன் அருளால் அவர் வீட்டில் பொன்னும் நெல்லும் மணியும் மலைபோல் குவிந்தன. இவர் அதைத் தூக்கி எறியவில்லை. ஏற்றுக்கொண்டார், அடியார்களுக்கு விருந்து படைத்தார். குங்கிலியத் தூபம் மட்டும் நிற்கவே இல்லை!

மூன்றாவதாக, திருநாவுக்கரசர். திருப்புகலூரில் கோயில் முற்றத்தில் உழவாரப் படையால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார் அந்த முதியவர். செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் வெளிப்பட்டன. அவற்றையும் பருக்கைக் கல்லைப் போலவே உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு, தம் வேலையைத் தொடர்ந்தார்.

கவனித்தீர்களா? ஒருவர் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தார். ஒருவர் வாங்கி வைத்துச் செலவு செய்தார். ஒருவர் குப்பையோடு குப்பையாகத் தள்ளினார். மூவரும் செய்தது வேறு வேறு. ஆனால், மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. செல்வம் வந்த அன்றும் அவர்களின் தொண்டு மாறவில்லை. மீன் விடுகிறவர் மீனை விட்டார். தூபம் போடுகிறவர் தூபம் போட்டார். புல் செதுக்குகிறவர் புல்லைச் செதுக்கினார்.

செல்வத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. அது வருவதற்கு முன்பே நமக்கென்று ஒரு கடமை, ஓர் அன்பு, ஒரு தொண்டு இருந்ததா? வந்த பிறகும் அது தொடர்கிறதா? இவைதாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். ஏற்கெனவே நோக்கம் உள்ளவனுக்குச் செல்வம் நல்ல வேலைக்காரன். செல்வமே நோக்கத்தையும் கொண்டுவந்து தரும் என்று காத்திருப்பவனுக்கோ, அது பெரும்பாலும் ஏமாற்றமே!

கல்லில் ஒரு கோயில்... மனதில் ஒரு கோயில்!

இன்னொரு சரிதத்தையும் சொல்லாமல் விட முடியாது. குன்றத்தூருக்கு வடக்கே இருக்கும் திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். கோயில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. எங்கு தேடியும் பொருள் கிடைக்காததால், மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் இட்டு, தூண் நிறுத்தி, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில், பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவில் கட்டிய கற்றளிக்கும் கும்பாபிஷேகம். ஈசனோ அரசனின் கனவில் தோன்றி, பூசலாரின் ஆலயத்துக்குத் தாம் செல்லவிருப்பதால், வேறு நாள் பார்த்துக்கொள்ளும்படி கூறிவிட்டார்!

இதை எழுதியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அரசுப் பதவியில் இருந்து, கிடைத்த செல்வத்தால் சொந்த ஊரில் கோயில் கட்டியவர். அவரே, செல்வமில்லாமல் கட்டிய கோயிலுக்கே ஈசன் முதலில் எழுந்தருளினான் என்று பாடுகிறார். தாம் செய்த திருப்பணி பற்றிய பெருமிதம் துளியாவது இருந்தால், இப்படி உருகிப் பாட முடியுமா? அதற்காக, கல்லில் கட்டிய கோயில் வீண் என்றும் ஆகாது. அந்தப் பல்லவ மன்னன்தானே பூசலாரைத் தேடிவந்து, அவர் காலில் விழுந்து வணங்கினான்! வணங்கத் தெரிந்த செல்வம் வாழும் என்பதே இந்தச் சரிதம் தரும் பாடம்.

உலகம் சொல்லும் பாடம்

இதெல்லாம் நாயன்மார்களுக்குப் பொருந்தும், நமக்கு எப்படி என்று சிலர் கேட்கலாம். 1978-ம் ஆண்டில், அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பரிசு வென்ற 22 பேரிடம் மனநல ஆய்வாளர்கள் கேள்விகள் கேட்டார்கள். பரிசு பெறாத அக்கம்பக்கத்தவர்களைவிட இவர்கள் பெரிதாக மகிழ்ச்சி அடைந்துவிடவில்லை என்பது தெரிந்தது. அதுமட்டுமல்ல! நண்பரோடு பேசுவது, காலைச் சிற்றுண்டி சாப்பிடுவது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது.

ஆனால், பணமே துன்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2020-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசாளர்களை ஆராய்ந்தது. பெரும் பரிசு பெற்றவர்களுக்கு, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்ற எண்ணம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் அன்றாட மகிழ்ச்சி அந்த அளவுக்குக் கூடவில்லை என்று அதில் தெரியவந்தது. பணம் கவலைகளைக் குறைக்கும். ஆனால் பொழுதை அர்த்தமுள்ளதாக ஆக்கும் பொறுப்பு நம்முடையது. குங்கிலியக்கலயரின் வாழ்க்கையும் இதைத்தானே சொல்கிறது!

நிலம் விற்ற பணமோ, எதிர்பாராத பதவியோ, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் தொகையோ... எது நம் வீடு தேடி வந்தாலும், மறுநாள் காலையில் நாம் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிப்போம். நேற்று வரை வாசலில் கோலமிட்ட கை இன்றும் கோலமிடட்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு முழம் பூ வாங்கியவர், இனியும் வாங்கட்டும். முடிந்தால் இரண்டு முழமாக வாங்கட்டும். தம்பிக்கும் தங்கைக்கும் உரியதை அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவோம். தேவைப்படும் நேரத்தில் செய்யும் உதவி, உலகத்தைவிடப் பெரியது என்று அரசனுக்கே எழுதி அனுப்பியவர் பிறந்த மண்ணில் அல்லவா வாழ்கிறோம்!

குன்றத்தூருக்கு வாருங்கள்!

குன்றத்தூர் அருள்மிகு நாகேஸ்வரர் ஆலயத்தில் சேக்கிழார் பெருமானுக்கு சந்நிதி உண்டு. அவர் அவதரித்த இந்த ஊரில் அவருக்கு மணிமண்டபமும் அமைந்திருக்கிறது. வைகாசி மாதம் பூச நட்சத்திர நாள் அவரது குருபூஜைத் திருநாள். அன்றைய தினம் இங்கு வந்து வழிபடுவது பெரும் புண்ணியம்.

குன்றின் மீது வடக்கு நோக்கிக் கோயில் கொண்டிருக்கும் முருகப்பெருமானையும் அவசியம் தரிசியுங்கள். திருப்போரூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் வழியில் கந்தவேள் தங்கிய தலம் இது என்கிறது தலபுராணம். ஊருக்குள் திருஊரகப் பெருமாள் கோயிலும், கந்தழீஸ்வரர் கோயிலும் உள்ளன. அருகிலேயே பொழிச்சலூர், சோமங்கலம், மாங்காடு எனப் புகழ்பெற்ற தலங்கள் இருப்பதால், ஒரே நாளில் பல தெய்வங்களைத் தரிசிக்கும் பாக்கியம் கிட்டும். தாம்பரம், பல்லாவரம் பகுதிகளிலிருந்து வருபவர்கள் பம்மல், அனகாபுத்தூர் வழியாக வரலாம்.

நாகேஸ்வரர் சந்நிதியில் நின்று, செல்வம் தா என்று வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: வருகிற செல்வத்தை நல்லபடியாகச் செலவழிக்கும் மனத்தையும் அவன் தரட்டும். அந்தக் கோயிலைக் கட்டியவருக்கு, அவன் அதைத்தான் கொடுத்தான்!